ஐந்து கிலோ பிழை

அம்மா இறந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பட்டினி கிடந்தே உடம்பைக் கெடுத்துக்கிட்டா." ஒருவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. இன்னொருவர் யாரென்று எனக்குத் தெரியாது.

அது தவறு. மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. விடுமுறை நாள்; காலை ஏழு மணிக்கு அம்மா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பத்துக்கு இல்லை. உடல் இளைத்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொன்னார். எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளை நான் அத்தையிடம் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் "டாக்டருக்கு என்ன தெரியும்" என்றிருப்பாள்.

அம்மா என்ன செய்தாள் என்பதைப் பிழையில்லாமல் எழுதி வைக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதையும்.

அம்மாவுக்கு லாரி எடை போடும் வேலை. ஜல்லி, மணல், கம்பி விற்கும் பெரிய கிடங்கு. வாசலை ஒட்டித் தரையோடு தரையாக ஓர் இரும்பு மேடை. காலி லாரி உள்ளே போகும்போது அதன்மேல் ஏறி நிற்கும். சரக்கோடு திரும்பும்போது மறுபடி நிற்கும். இரண்டையும் கழித்தால் சரக்கின் எடை. மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி அறை. அதற்குள் ஒரு கணினி, ஒரு மின்விசிறி, அம்மா. சாதாரண நாற்காலிகள் இரண்டு உடைந்த பிறகு, அம்மாவுக்கென்று பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு நாற்காலி. அறையின் கூரைமேல் ஓட்டுநர்களுக்காக ஒரு பெரிய பலகை. மேடைமேல் என்ன நிற்கிறதோ அதன் எடை அதில் சிவப்பாக எரியும். தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம்.

மேடை நாற்பது டன் தாங்கும். ஓட்டுநர்கள் அம்மாவுக்கு வைத்திருந்த பெயர் "நாப்பது டன்". முகத்துக்கு நேரே "அக்கா".

அம்மா எப்போதுமே பருமன்தான். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு எடை மளமளவென்று ஏறியது. முழங்கால் இரண்டும் தேய்ந்தன. ஐம்பத்து நான்கு வயதில், பேருந்து நிறுத்தத்திலிருந்து கிடங்கு வாசல் வரை வர மூன்று இடத்தில் நின்றாள். மூன்றாவது இடம் ஒரு மின்கம்பம். அதைப் பிடித்துக்கொண்டு, யாரையோ எதிர்பார்ப்பவள் போல சாலையைப் பார்ப்பாள்.

எடை போடுவதில் ஒரு விதி உண்டு. பொத்தானை அழுத்துவதற்கு முன், அழுத்துகிறவர் லாரியை ஒருமுறை சுற்றி வர வேண்டும். எல்லாச் சக்கரமும் மேடைமேல் இருக்கிறதா, மேடையில் ஆள் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அம்மாவால் முடியவில்லை. அவளுக்குப் பதிலாக வாட்ச்மேன் சுற்றினார். எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்கியதால் அவரை எல்லோரும் விசில்காரர் என்றார்கள். ஒரு சுற்று முடித்து விசில் அடிப்பார்; அம்மா பொத்தானை அழுத்துவாள். நான்கு வருடம் இப்படி ஓடியது.

ஒரு மழை நாளில் விசில்காரர் பின்வாசலுக்குப் போயிருந்தார். அடுத்தடுத்து மூன்று லாரிகள். மூன்றிலும் பின்சக்கரம் மேடையைத் தாண்டித் தரையில் நின்றது. அம்மா நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்துப் பொத்தானை அழுத்தினாள். எடை குறைவாகப் பதிவாகி, மூன்று வண்டியும் கூடுதல் சரக்கோடு வெளியே போயின.

மேலாளர் கூப்பிட்டார். இந்தப் பேச்சை அம்மா எனக்கு அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"நான் தப்பா சொல்லலம்மா. பட்டனை அமுக்குறவங்கதான் சுத்தி வரணும். இங்க அவர் நடக்குறாரு, நீங்க சம்பளம் வாங்குறீங்க."

"இருபத்திரெண்டு வருஷமா இருக்கேன் சார்."

"இருபத்திரெண்டு வருஷமும் உக்காந்தேதான் இருந்தீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

வருடத்துக்கு ஒருமுறை அரசு அதிகாரி வந்து மேடையைச் சோதித்து முத்திரை போடுவார். அந்த வருட முத்திரை அப்போதுதான் முடிந்திருந்தது. "அடுத்ததுக்கு அடுத்த முத்திரை வரைக்கும் டைம் தர்றேன்," என்றார் மேலாளர். "அன்னிக்கு நீங்களே சுத்தி வரணும். இல்லேன்னா அந்த ரூமுக்கு வேற ஆள் வந்துடும்."

இருபத்து மூன்று மாதம்.

மூட்டு மாற்றும் மருத்துவர் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்தார். நானும் போனேன். அவருடைய அறைக்கு வெளியே எடைக்கருவி. அம்மா ஏறினாள். எண் வரவில்லை, நான்கு கோடுகள் மட்டும் வந்தன. நர்ஸ் இறங்கச் சொன்னார், மறுபடி ஏறச் சொன்னார். மறுபடி நான்கு கோடு.

"இது நூத்தி முப்பதுக்கு மேல காட்டாதும்மா. இது மனுஷங்களுக்கு உள்ள மிஷின். நீங்க எங்கயாவது குடோன்ல போய்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பாதியை முடித்துச் சிரித்தார்கள்.

"எங்கிட்ட ஒரு மேடை இருக்கு," என்றாள் அம்மா. நர்ஸுக்குப் புரியவில்லை.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "இந்த உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன். வெச்சாலும் புது மூட்டு தாங்காது. தொண்ணூத்தஞ்சு கிலோவுக்கு வாங்க. ஒரு கால் பண்ணுவேன். நாலு மாசம் கழிச்சு இன்னொரு கால். தொண்ணூத்தஞ்சு ஆகுறதுக்கு முன்னாடி வராதீங்க. அலைச்சல்தான் மிச்சம்."

 திரும்பி வரும் பேருந்தில் இரண்டு பேர் இருக்கையில் அம்மா மட்டும் உட்கார்ந்தாள். நான் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "நாளையிலேர்ந்து எனக்குச் சர்க்கரை இல்லாம டீ போடுங்க," என்றாள். அவ்வளவுதான் அறிவிப்பு.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, முதல் லாரி ஏறுவதற்கு முன், அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு எடை மேடைமேல் ஏறி நின்றாள். பலகையை ஒரு சாக்குப் போட்டு மூடிவிடட்டுமா என்று விசில்காரர் கேட்டார்.

"எதுக்குண்ணே? லாரிக்காரன் எடையை ஊரே பாக்குது. என்னுது மட்டும் என்ன ரகசியம்?"

பலகையில் 150 எரிந்தது. வரிசையில் ஐந்து லாரிகள் நின்றிருந்தன. யாரோ கைதட்டினார்கள். முதல் வண்டியின் ஓட்டுநர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"அக்கா, இது காலி எடையா, லோடு எடையா?"

"லோடுதான்டா. எல்லாத்தையும் இறக்கிட்டு வந்து காலி எடை போடறேன். அதுவரைக்கும் நீ லைன்ல நில்லு."

இந்தப் பதிலை விசில்காரர் இறுதிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் ஐந்து வாரம் கழித்தும் பலகையில் அதே 150. லாரிக்கு உண்டான மேடை. பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். நூற்றைம்பதுக்கும் நூற்று அறுபதுக்கும் நடுவில் அதற்கு எண் கிடையாது. அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"பாதி வயித்துக்குத்தான் சாப்பிடறேன். பலகையில எண்ணு நகரல. நான் குறையுறேனா இல்லையான்னு எப்படிடா தெரிஞ்சுக்குறது?"

வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்னக் கருவி நூற்று இருபது வரைதான் காட்டும். எங்கள் தெரு கிளினிக்கில் இருந்தது ஆஸ்பத்திரியில் இருந்ததைப் போலவே நூற்று முப்பது. நான் வேறு ஊரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். இதற்கு வழி எனக்குத் தெரியும் என்றேன். சனிக்கிழமை பேருந்து ஏறினேன்.

வழி எளிது. அம்மா மேடையில் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒரு பாட்டில் ஒரு கிலோ. எத்தனையாவது பாட்டிலில் எண் அடுத்த பத்துக்குத் தாவுகிறது என்று பார்க்க வேண்டும். தாவிய எண்ணிலிருந்து பாட்டில்களைக் கழித்தால் அம்மாவின் எடை. முதலில் மேடையைச் சோதித்தேன். கிடங்கில் இருபது கிலோ படிக்கற்கள் இருந்தன. இரண்டு வைத்தேன்; 40. எட்டு வைத்தேன், 160. நல்ல மேடை.

அம்மா ஏறினாள். விசில்காரர் பாட்டில்களை வைத்தார். ஏழாவது பாட்டிலில் 150 என்பது 160 ஆனது.

"நூத்தி அறுபதுல ஏழு போனா நூத்தி அம்பத்தி மூணு," என்றேன்.

"நூத்தி அம்பத்தி மூணு," என்று அம்மா சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதில் அவமானம் இல்லை. அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் பத்து பாட்டில்களோடு எடை போடுவது நடந்தது. சீக்கிரம் வந்த ஓட்டுநர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். பந்தயம் கட்டினார்கள். "இந்த வாரம் எட்டாவது பாட்டில்தான்." "போடா, அக்கா நேத்து பன் தின்னதை நான் பாத்தேன்." அம்மா இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு அறைக்குள் போவாள். பன் என்று சொன்னவனின் எடைச் சீட்டைக் கடைசியாகத்தான் கொடுப்பாள்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. நான்கு அடுக்கு டிபன் கேரியர் ஓர் அடுக்கானது. பாதிக்கு மேல் காய்கறி. சாயங்காலம் ஒரு முட்டை. நடக்க முடியாததால் நாற்காலியிலேயே உடற்பயிற்சி: கையை ஊன்றாமல் எழுந்திருப்பது, உட்காருவது. முதல் மாதம் ஒருமுறைகூட முடியவில்லை. நான்காவது மாதம் ஒரு லாரிக்கு மூன்று முறை. கண்ணாடி அறை என்பதால் எல்லோருக்கும் தெரியும். லாரி மேடையேறும்போதெல்லாம் உள்ளே ஒரு பெரிய உடம்பு எழுந்து உட்கார்ந்தது. "அக்கா நமக்கு எந்திரிச்சு மரியாதை குடுக்குதுடா" என்றார்கள்.

அப்பா தையல்காரர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் சீருடைச் சட்டைகளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். எட்டாவது மாதம் ஒருநாள், சட்டை உள்பக்கம் உறுத்துகிறது என்று அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு ஓரத்திலும் நான்கு விரல் துணி மடிந்து கிடந்தது. அப்பா ஒரு தடவைகூட அதிகத் துணியை வெட்டவில்லை. மடித்து மடித்துத் தைத்திருந்தார்.

"இது என்னங்க?"

அப்பா கண்ணாடியைத் துடைத்தார். "இல்ல... பின்னாடி பிரிச்சு விடணும்னா துணி வேணுமில்ல."

"எப்ப பின்னாடி?"

 அம்மா கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "வெட்டுங்க. நான் பாக்குறேன்."

ஆறு சட்டை. எல்லாவற்றையும் வெட்டி முடிக்கும் வரை அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா அதற்குப் பிறகு எதையும் மடிக்கவில்லை.

அத்தையின் பேச்சு எடையைப் பொறுத்து மாறியது. நூற்றைம்பதில்: "ஒரு கையால சாப்பிட்டா பத்தாதா உனக்கு?" நூற்று முப்பதில்: "இந்த வயசுல யாருக்கு அழகு காட்டப் போற?" நூற்றுப் பத்தில் வீட்டுக்கே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மறைக்காத. என்ன வியாதி? எனக்கு மட்டும் சொல்லு," என்றாள்.

"வியாதி இல்லண்ணி. டயட்டு."

"ஐயோ, கழுத்தெல்லாம் தொங்குதே. முன்னாடி இருந்ததே லட்சணமா இருந்துச்சு."

"முன்னாடி நீங்க அப்படிச் சொன்னதில்லையே."

அத்தை கையை விட்டுவிட்டாள்.

நடுவில் நூற்று முப்பதுக்குக் கீழே வந்ததும் கிளினிக் கருவியில் ஏறிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மா மறுத்தாள். "அந்த மிஷின் என்னை வேணாம்னுச்சு. இப்ப நான் வேணாங்குறேன். என் மேடை முத்திரை போட்டது." நான் வற்புறுத்தவில்லை. என் பாட்டில் கணக்கின்மேல் எனக்குப் பெருமை இருந்தது.

பன்னிரண்டாவது மாதத்தின் கடைசியில் அம்மா சொன்ன எண் தொண்ணூற்று ஒன்பது. அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரம், மூன்று வாரம், ஏழு வாரம். பலகையில் 90, ஒரு பாட்டில் வைத்தால் 100. நான்கு கிலோ மிச்சம், அது அசையவில்லை.

"என்னடா இது, ஒரே இடத்துல நிக்குது," என்றாள் போனில்.

"அளவு தப்பா காட்டாதும்மா."

"நான் ஒண்ணும் கூடுதலா சாப்பிடலயே."

அன்று தொழிற்சாலையில் எனக்கு வேறு ஏதோ எரிச்சல். அது காரணம் ஆகாது. "மேடை பொய் சொல்லாது. நீ எங்கயோ ஏமாத்துற," என்றேன்.



"சரி," என்றாள் அம்மா.

சாயங்கால முட்டையை நிறுத்திவிட்டாள் என்று பின்னால் அப்பா சொன்னார். ஒருநாள் நாற்காலியிலிருந்து எழும்போது கண் இருண்டு, கணினி மேசையைப் பிடித்துக்கொண்டாளாம். விசில்காரர் உள்ளே ஓடினாராம். "ஒண்ணுமில்லண்ணே, அடுத்த வண்டியை ஏறச் சொல்லுங்க" என்றாளாம். எடை இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ என்று இறங்கியது. பதினாறாவது மாதம், ஐந்தாவது பாட்டிலில் எண் தாவியது. தொண்ணூற்றைந்து.

மறுபடி மூன்று மணி நேரப் பேருந்து. இந்த முறை நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன், இடம் இருந்தது. அதே அறை வாசல், அதே கருவி, அதே நர்ஸ். அவருக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. அம்மா ஏறினாள்.

90.2.

"இல்ல, தப்பு," என்றாள் அம்மா. "தொண்ணூத்தஞ்சு."

"தொண்ணூறு புள்ளி ரெண்டும்மா. இதோ பாருங்க."

"உங்க மிஷின் அஞ்சு கிலோ கம்மியா காட்டுது. சரி பண்ணுங்க. அப்புறம் டாக்டர் என்னைப் பாதியில திருப்பி அனுப்பக் கூடாது."

நர்ஸ் சிரித்துவிட்டார். "இருபது வருஷமா இங்க நிக்கிறேன். மிஷின் கூடக் காட்டுதுன்னுதான் எல்லாரும் சண்டை போடுவாங்க. கம்மியா காட்டுதுன்னு சண்டை போட்ட முதல் ஆள் நீங்கதான்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா. உனக்குத்தான் மிஷின் தெரியும்."

அப்போது தெரிந்தது. யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நான் பழகிய கருவிகள், குழாயில் ஓடும் திரவத்தை எண்ணுபவை. வண்டியின் கிலோமீட்டர் காட்டியைப் போன்றவை. முழுப் பத்து நிறைந்தால்தான் அடுத்த எண் வரும். எடை மேடை அப்படி இல்லை. அது கிட்ட இருக்கும் எண்ணைக் காட்டும். தொண்ணூற்றைந்தைத் தொட்டதுமே நூறு என்று தாவிவிடும். பாட்டில்களை நான் நூறிலிருந்து கழிக்கச் சொன்னேன். கழித்திருக்க வேண்டியது தொண்ணூற்றைந்திலிருந்து. முதல் நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் அம்மாவை ஐந்து கிலோ கூட்டிச் சொல்லியிருக்கிறேன். படிக்கல் வைத்துச் சோதித்தபோது எல்லாம் முழுப் பத்துகளாகவே வைத்தேன். அதில் இது தெரிய வழியில்லை. ஒரு படிக்கல்லோடு ஐந்து பாட்டில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இரண்டு நிமிட வேலை.

அம்மா நான்கு மாதத்துக்கு முன்பே தொண்ணூற்றைந்துக்கு வந்துவிட்டாள். தொண்ணூற்று ஒன்பதில் நின்றுவிட்டதாக நினைத்த வாரங்களில் அவள் தொண்ணூற்று நான்கில் இருந்தாள்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து இதை அவளிடம் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும் கேட்ட முதல் கேள்வி:

"லாரிக்கும் அப்படித்தானா?"

"ஆமா. அஞ்சுக்குக் கீழ இருந்தா கீழ் எண், மேல இருந்தா மேல் எண். மொத்தத்துல சமமாயிடும்."

"அப்ப யாருக்கும் நஷ்டமில்ல."

"உனக்குத்தான்."

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டாள். "இப்ப எத்தனை மாசம் இருக்கு முத்திரைக்கு?"

"ஏழு."

ஏழு மாதத்தில் ஒரு கால்தான் முடியும். அறுவைக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதம். நடை திரும்ப மூன்று மாதமாவது. இரண்டாவது காலையும் செய்து தேறுவதற்கு அந்த நான்கு மாதம் வேண்டியிருந்தது. அம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டதைப் பார்த்தேன். பிறகு எழுந்து மருத்துவரின் அறைக்குள் போனாள். "வலது காலைப் பண்ணுங்க டாக்டர்," என்றாள். "லாரியைச் சுத்தும்போது அதுதான் வெளிப்பக்கம். ஜாஸ்தி நடக்குறது அது."

முத்திரை நாளன்று நான் விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். வலது காலில் புது மூட்டு, இடது காலில் பழையது, இடது கையில் ஒரு தடி. அதிகாரி சோதனையை முடித்து முத்திரையிட்டதும் மேலாளர் முதல் லாரியை மேடையேற்றச் சொன்னார். அது பத்துச் சக்கர வண்டி. அம்மா அறையிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நின்று, குனிந்து பார்த்து, தடியால் ஒரு தட்டுத் தட்டினாள். வண்டிக்குப் பின்னால் மறைந்தாள். வரிசையில் ஹாரன் அடித்தார்கள். விசில்காரர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார், அடிக்கவில்லை. அம்மா மறுபக்கம் வந்தாள். வேகத்தைக் கூட்டவில்லை. நான்கு நிமிடம் பத்து நொடி. அறைக்குள் ஏறிப் பொத்தானை அழுத்தினாள்.

"கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு," என்றார் மேலாளர்.

"ரூல்ல டைம் போடலயே சார்," என்றாள் அம்மா.

வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஐந்து மாதம், நாளைக்கு ஐம்பது அறுபது வண்டி, எல்லாவற்றையும் சுற்றினாள். சுற்றுவதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடமாகக் குறைந்தது. ஓட்டுநர்கள் "நாப்பது டன்" என்பதை விடவில்லை, பழக்கம். இடது காலைச் செய்யவே இல்லை. மூன்று மாத விடுப்பு கேட்டால் அறைக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று பயந்தாள். அடுத்த வருடம் என்றாள். இரண்டாவது வருடமும் அடுத்த வருடம் என்றாள். எடை தொண்ணூற்றைத் தாண்டவில்லை.

இடது காலை ஊன்றும்போதெல்லாம் அவள் உதடு ஒரு பக்கம் இழுக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் கண்ணாடி அறையில் அவளோடு உட்காருவேன். அந்த உதட்டைப் பார்ப்பேன். போன வருடம் ஒருநாள் மத்தியானம், வண்டி இல்லாத நேரத்தில், "இந்தக் கால் என்னாலதான்," என்றேன்.

"விடுடா. அந்த அஞ்சு கிலோ கூடக் குறைஞ்சது மூட்டுக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னார். கணக்கு யாருக்கும் தப்பலாம். இங்க தினமும் தப்புது." தண்ணீர் குடித்தாள். "ஆனா நீ போன்ல ஒண்ணு சொன்ன."

எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தேன்.

"நாப்பது டன்னுன்னாங்க. வியாதின்னாங்க. உங்கப்பா துணியை மடிச்சு வெச்சாரு. அதெல்லாம் ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டேன். நீ என்னை..."

ஒரு லாரி மேடையேறியது. அம்மா கையை ஊன்றாமல் எழுந்தாள், தடியை எடுத்தாள், வெளியே போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரம், தட்டு. நடுச்சக்கரம், தட்டு. பின்னால் மறைந்து, மறுபக்கம் வந்தாள். மேடையின் ஓரத்தில் நின்ற கிளீனரை இறங்கச் சொன்னாள். அவன் இறங்கினான். உள்ளே வந்து பொத்தானை அழுத்தினாள். சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினாள். லாரி போயிற்று.

"சொல்லு," என்றாள்.

"நீ ஏமாத்தல. ஒரு நாளும் ஏமாத்தல. நான்தான் தப்பா கணக்குப் போட்டேன். போட்டுட்டு உன்னைச் சொல்லிட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சாலைப் பக்கம் பார்த்தாள்.

"சரி. கொஞ்சம் தள்ளி உக்காரு, கண்ணாடியை மறைக்கிற. அடுத்த வண்டி வருது."